புளித்தண்ணீரில் கழுவிய மணிகள்

தலைப்பிரசவம் முடிந்து ஓட்டப்பிடாரத்திலிருந்து கைக்குழந்தையோடு திரும்பிய மறுநாள், சத்யபிரியா முதலில் போய்ப் பார்த்தது பட்டறைக்குப் பின்னால் இருந்த பீப்பாயைத்தான். மாமனார் சௌந்தரபாண்டியன் பம்பு உதிரிகளுக்குச் செம்பு முலாம் பூசுகிறவர். வீடும் பட்டறையும் ஒரே காம்பவுண்டு, ஒரே கேட். முலாம் கழுவிய தண்ணீர் அந்தப் பீப்பாய் வழியாக இறங்கி, சுவருக்கு வெளியே உள்ள தொட்டியில் விழும். வேதியியல் படித்த மருமகள் என்பதால் பீப்பாய் அவள் பொறுப்பு.

அதற்குள் இருந்தவை ஜவ்வரிசி போன்ற மணிகள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் மாவைக் கரைத்து, கால்சியம் உப்புத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் அப்படித் திரண்டுகொள்ளும். ஒவ்வொரு மணிக்குள்ளும் நீளநீளமான சங்கிலிகள்; சங்கிலி நெடுக இருக்கைகள்; இருக்கைகளில் கால்சியம். செம்பு கலந்த தண்ணீர் வந்தால் கால்சியம் எழுந்து இடம்விட, செம்பு உட்கார்ந்துகொள்ளும். செம்பு ஏற ஏற மணி பச்சையாகும். முழுக்கப் பச்சையானால் வண்டி நிறைந்துவிட்டது, மணியை மாற்ற வேண்டும்.

அவள் தாய்வீடு போய் ஆறு மாதம் ஆகியும் மணிகள் வெள்ளையாகவே இருந்தன.

"புதுசு போட்டீங்களாக்கா?" என்று ரெங்கம்மாளைக் கேட்டாள். பட்டறையைக் கூட்டிக் கழுவுகிறவள் அவள்.

"புதுசுக்கு எங்கன போக? நீ போட்டதுதான் தாயி. வாராவாரம் களிம்பேறிப் போவுது. சனிக்கிழமையானா புளியக் கரைச்சு ஊத்தி அலசி விடுதேன். எங்க வீட்டுப் பித்தளக் குடங்கூட இப்படிப் பளிச்சுன்னு ஆவாது."

"அலசின தண்ணி?"

"தொட்டிக்குத்தான போவும்."

சத்யபிரியாவுக்குப் புரிந்துவிட்டது. களிம்பைக் கரைக்கிற அதே புளிப்பு, மணிக்குள் கூட்டமாகப் புகுந்து செம்பை எழுப்பிவிட்டு, தான் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வாரமாகப் பிடித்து வைத்த செம்பு ஒரே அலசலில் வெளியே வந்துவிடும்.

அந்தத் தொட்டியில்தான் யோகராஜின் செம்மறிகள் தினமும் மத்தியானம் தண்ணீர் குடித்தன. குடிக்கலாம் என்று சொன்னவள் அவளே. மற்ற கால்நடை தாங்கும் செம்பைச் செம்மறி தாங்காது. ஈரல் அதைச் சேர்த்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் மூத்திரம் கறுக்கும், ஆடு சாயும். அதற்கு முன் மருந்து கொடுத்தால் பிழைக்க வழியுண்டு.

அவள் போய்ச் சொன்னதும் மாமனார் நிதானமாகக் கேட்டார். "எதுவும் செத்துச்சா?"

"இன்னும் இல்ல மாமா. ஆனா..."

"பெறவு என்ன? அவன் ஒரு மனு எழுதிப் போட்டாம்னா பட்டறைக்குப் பூட்டு. ஒம் புருசன், ஒம் புள்ள, நீ, எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கோம். பேசாம மணிய மாத்து."

கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனார். யோகராஜின் நம்பர் அவளிடம் இல்லை. புருசன் கயத்தாறுக்குச் சரக்கு இறக்கப் போயிருந்தான். போனில் சொன்னதற்கு, "அப்பா சொல்லுதத கேளு" என்று வைத்துவிட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகள் கத்தின.

அவள் உதிரிப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினாள். சுவர் நெஞ்சளவுக்கு வந்தது.

"தாயி, வந்துட்டியா? என்ன புள்ள?" என்றார் யோகராஜ்.

"பொம்பளப்புள்ள. அண்ணே, ஆட்டக் குடிக்க விடாதீங்க."

"நீதான குடிக்கலாம்னு சொன்ன?"

"தப்பாப் போச்சு. தண்ணியில செம்பு இருக்கு. இப்பமே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. செம்புன்னு சொல்லுங்க."

தொட்டியில் வாய்வைத்த கிடாயை அவர் காதைப் பிடித்து இழுத்தார். மற்றவை முண்டியடித்தன. கம்பைக் குறுக்கே நீட்டி அத்தனையையும் தள்ளி நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தன நாளா?"

வீட்டுக்குள் குழந்தை அழுதது. பின்னால் மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டது; "சத்யா, கீழ எறங்கு" என்றார்.

அவள் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு மாசமாண்ணே," என்றாள்.