ஒற்றைக் கைக்கு ஓர் எஞ்சின்

பக்கவாதம் வந்த பிறகு கஸ்தூரியிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்தான். "பஸ்ஸு." தண்ணீர் வேண்டுமென்றாலும் பஸ்ஸு, ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் பஸ்ஸு. சொன்னதும், தான் நினைத்தது இதுவல்ல என்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வலது பக்கம் முழுக்க மரத்துப்போயிருந்தது. கால் மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்தபடி நடப்பாள். கை வரவில்லை.

அவள் கணவன் மணிவேலுக்கும் ஏதோ ஆகியிருந்தது. அதற்குத்தான் எந்த டாக்டரும் பெயர் சொல்லவில்லை. கலெக்டர் ஆபீசில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேங்கிக்கால் வீட்டிலேயே இருந்தான். அவளைக் குளிப்பாட்டினான், ஊட்டினான், நேரத்துக்கு மாத்திரை கொடுத்தான். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. தானும் நேரம் பார்த்துத்தான் சாப்பிட்டான், பசித்து அல்ல. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுகூட அவன் கண் கலங்கவில்லை. ஓசூரிலிருந்து மகள் அபிநயா போனில் அழுதால், அதைக் கேட்டுக்கொண்டே சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

"அப்பா, உனக்கு ஒண்ணுமே தோணலயா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"தோணாம என்னம்மா" என்றான். பொய்தான்.

பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் அன்பரசன்தான் அந்தப் பேச்சை ஆரம்பித்தது. "எவ்ளோ நாளைக்கு சார் இந்த ரப்பர் பந்தயே அமுக்குவாங்க? இடது கையிக்கு அவங்களுக்குப் பிடிச்ச வேலை எதனா குடுங்க. அப்பத்தான் மனசு வரும்."

பிடித்த வேலை என்றதும் மணிவேலின் பார்வை போர்டிகோவுக்குப் போயிற்று.

கஸ்தூரி ஐ.டி.ஐ.யில் கடைசல் வேலை சொல்லிக்கொடுத்தவள். மாடிப்படிக்குக் கீழே சின்ன லேத் ஒன்று போட்டு, வருஷக்கணக்காக ஒரு நீராவி ரயில் எஞ்சினைச் செய்தாள். ஒரு முழ நீளம். செம்பில் பாய்லர், பித்தளைச் சக்கரங்கள், புகைபோக்கி எல்லாம் உண்டு. ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் நிஜமாகவே ஆவி கட்டி ஓடும். கார் வாங்காத வீட்டில் போர்டிகோ சும்மா கிடந்ததால், இடுப்பு உயரத்துக்கு மரச்சட்டம் அடித்து அதன் மேல் வட்டமாகத் தண்டவாளம் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் இதற்கே போகிறதென்று மணிவேல் முணுமுணுத்ததுண்டு. அந்த எஞ்சினை அவன் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. இப்போது அதன் மேல் பழைய போர்வை ஒன்று கிடந்தது.

அவளைக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்துப் போர்வையை எடுத்தான். கஸ்தூரி இடது கையை டிரைவர் நிற்கிற கூண்டுக்குள் விட்டாள். உள்ளே, ஆவியைத் திறந்துவிடுகிற குமிழ் இருந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு மறு கையின் இரண்டு விரலால் திருக வேண்டும். அப்படித்தான் அவள் செய்திருந்தாள். இப்போது திருகினால் எஞ்சின் மொத்தமும் சாய்ந்தது. மறுபடி முயன்றாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"குமிழ எடுத்துட்டு நீட்டமா ஒரு கைப்பிடி போட்டா?" என்றான் மணிவேல். "கூரைக்கு மேல வர்ற மாதிரி. ஒரு விரல்ல தள்ளிடலாம்."

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். "பஸ்ஸு" என்றாள். சரி என்கிறாளா, உனக்கென்ன தெரியும் என்கிறாளா, அவனுக்குப் புரியவில்லை.

பௌர்ணமி அன்று வேலையை ஆரம்பித்தார்கள். கிரிவலக் கூட்டத்துக்காகக் காலையிலேயே வேலூர் ரோட்டில் தடுப்பு வைத்துவிட்டார்கள்; வண்டி வராது என்று அன்பரசன் போன் செய்து சொல்லிவிட்டான். மணிவேல் எஞ்சினைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து வைத்தான். கழற்றுகிற திருகுகளைப் போட இட்லித் தட்டை எடுத்துக்கொண்டான். கூரைத் திருகுகள் ஒரு குழியில், கூண்டுத் திருகுகள் அடுத்த குழியில். ஒவ்வொன்றைக் கழற்றும் முன்பும் போனில் படம் எடுத்தான். ஆபீஸ் ஃபைலைப் பார்க்கிற மாதிரியே பார்த்தான். பயமுமில்லை, ஆசையுமில்லை. கூரை வந்தது. கூண்டு வந்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. குமிழின் தண்டை உருவ வேண்டுமானால் பாய்லரையே வெளியே எடுத்தாக வேண்டும். பாய்லரிலிருந்து சிலிண்டருக்குப் போகிற குழாயின் மரையில் ஸ்பானரை வைத்து அழுத்தினான்.

"பஸ்ஸு!" என்றாள் கஸ்தூரி.

அவன் நிறுத்தவில்லை.

"பஸ்ஸு! பஸ்ஸு!" மேஜையைத் தட்டினாள். அதற்குள் குழாய் முறுக்கிக்கொண்டது. மெல்லிய செம்புக் குழாய். ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி மடங்கிவிட்டது.

"இன்னா பஸ்ஸு? எந்தப் பஸ்ஸு?" மணிவேல் கத்தினான். "வாயத் தொறந்து சொல்லேன்! எனக்கு இன்னாடி தெரியும் இதப் பத்தி? நானா செஞ்சேன்?"

அப்படி ஒரு குரல் தனக்குள் இருந்தது அவனுக்கே தெரியாது. வெளியே ரோட்டில் போகிறவர்களின் பேச்சும், மோர் விற்கிறவனின் மணியும் கேட்டுக்கொண்டிருந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தான். மடங்கிய குழாயை விரலால் நிமிர்த்தப் பார்த்தான்.

கஸ்தூரி நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள். இடது கையால் தன் வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினாள். ஏதோ ஒரு சாமானைத் தூக்குவதுபோலத்தான் தூக்கினாள். அதை எஞ்சினின் அடிச்சட்டத்தின் மேல் கிடத்தி, தோளைச் சாய்த்து உடம்பின் கனத்தை அதன்மேல் இறக்கினாள். எஞ்சின் அசையாமல் நின்றது. பிறகு இடது கையை நீட்டினாள். மணிவேல் ஸ்பானரைக் கொடுத்தான். அவள் முதலில் இன்னொரு மரையைத் தளர்த்தினாள். அவன் கண்ணிலேயே படாத ஒன்று, குழாயின் மறுமுனையில் இருந்தது. அதன் பிறகு இரண்டும் எளிதாகக் கழன்று வந்தன. எச்சில் வழிந்ததைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. மணிவேல்தான் துடைத்துவிட்டான்.

அடுத்த வாரம் முழுக்க வேலை ஓடியது. வளைந்த குழாய்க்குப் பதில் புதுக்குழாய் வெட்டினார்கள். பித்தளைப் பட்டையில் துளை வர வேண்டிய இடத்தை அவள் மார்க்கரால் புள்ளி வைத்துக் காட்டினாள், அவன் துளை போட்டான். முதல் பட்டையில் துளை கோணலாக விழுந்தது. அவள் அதைத் தரையில் எறிந்துவிட்டு அடுத்ததில் புள்ளி வைத்தாள்.

ஒரு மாலை எல்லாவற்றையும் பூட்டி முடித்துத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். மணிவேல் தண்ணீர் ஊற்றி ஸ்பிரிட்டைப் பற்றவைத்தான். பாய்லர் முனக ஆரம்பித்தது. அழுத்தம் காட்டுகிற முள் ஏறுவதையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "வந்துருச்சு கஸ்தூரி, தள்ளு" என்றான். அவள் இடது கையின் ஒரு விரலால் கைப்பிடியைத் தள்ளினாள். சக்கரங்கள் வழுக்கின. எஞ்சின் நகரவில்லை.

ஏன் நகரவில்லை என்று குனிந்தபோதுதான் பார்த்தான். சாயாமலிருக்க, மேஜையில் செய்ததுபோலவே வலது கையை எஞ்சினோடு அணைத்துக் கிடத்தியிருந்தாள். மணிக்கட்டின் உட்புறம் பாய்லர்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் வெளுத்திருந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

கையைப் பிடுங்கி எடுத்து, அவளை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டே வாசல் குழாயடிக்கு ஓடினான். அவளைத் திண்டில் உட்காரவைத்து, தண்ணீரைத் திறந்து கையை அடியில் பிடித்தான். "வலிக்குதா? சொல்லு, வலிக்குதா?" அவள் கையைப் பார்க்கவேயில்லை. அவன் தோளுக்கு மேலாகப் போர்டிகோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, தடை நீங்கிய எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வட்டம் சுற்றி, ஆவி கக்கி, மறுபடி வட்டம் சுற்றி.

"பஸ்ஸு" என்றாள்.

"பஸ்ஸு இல்லடி. ரயிலு" என்றான் மணிவேல். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் குழாயடி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் கையை மட்டும் விடவில்லை. ஆவி தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் அன்பரசன் வலது கையில் போட்டிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்துத் திட்டினான். "உணர்ச்சி இல்லாத கைய நெருப்பாண்ட விடலாமா சார்? படிச்சவரு நீங்க." மணிவேல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். கொப்புளம் ஆறிவிடும், தழும்பு நிற்கும் என்றான் அன்பரசன். ஆனால் அவள் இடது கையை மடக்கி நீட்டி, விரல்களில் கூடியிருந்த பிடிப்பைப் பார்த்தவன் மேற்கொண்டு திட்டவில்லை. "பந்து வேணாம். இதயே பண்ணுங்க. பார்த்துப் பண்ணுங்க" என்றான்.

அவன் போனதும் கஸ்தூரி எஞ்சினைக் காட்டினாள். கைப்பிடியின் அடியில், தண்டு நுழைகிற இடத்தில் ஆவி கசிந்த கறை தெரிந்தது. மறுபடி கழற்ற வேண்டும். மணிவேல் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவனுக்குச் சந்தோஷம் என்று சொல்ல எதுவும் இல்லை. அபிநயாவிடம் போனில் "ஓடுச்சும்மா" என்று சொன்னபோதுகூடக் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. குழாயின் மறுமுனை மரையை முதலில் தளர்த்தினான். கூண்டும் தொட்டியும் பாய்லரும் கழன்று துணிமேல் வரிசையாக வந்தன. பாதியில் நிறுத்தி நிமிர்ந்தான்.

"பசிக்குது கஸ்தூரி" என்றான். அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.