நடுவில் நிற்க வேண்டிய குரல்

பல் டாக்டருக்குத் 'தங்கக்காது' என்று பெயர் வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. ஊரார் பல்லுக்குத் தங்கம் கட்டுகிறவருக்குக் காதிலும் கொஞ்சம் தங்கம் இருந்தால் பொருத்தம்தானே. ஒரு ஸ்பீக்கர் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒரு முறை, ஒரு சனி ஞாயிறில், பாட்டுப் பைத்தியங்கள் நாற்பது ஐம்பது பேர் கூடுவார்கள். அவர்களில் இவர் தலைமைப் பைத்தியம். கண்ணை மூடி, இரண்டு விரலை நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு, "அடிச்சத்தம் கொஞ்சம் வீங்கியிருக்கு" என்று சொன்னாரானால் அது வீங்கித்தான் இருக்கும். அவர் வாயைத் திறக்கிறவரை மற்றவர்கள் தங்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த மரியாதை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடிக்காத மாதிரி நடிக்கிற ஆளும் அவர் இல்லை.

ஆனால் இந்த வருடம் அந்தக் காதின் மேல் அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. போன மாதம் கிளினிக்கில் நர்ஸ், "இந்தக் குடையற மெஷின் காதே கிழியற மாதிரி கிரீச்சிடுது டாக்டர், ரிப்பேருக்குக் கொடுத்துடலாமா?" என்றாள். அவருக்கு எந்தக் கிரீச்சும் கேட்கவில்லை. "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று சமாளித்துவிட்டார். அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடம் காதோரமே கத்திய மெஷின், கத்திக் கத்தியே காதைத் தின்றுவிட்டது. எவ்வளவு தின்றது, எவ்வளவு மிச்சம் வைத்தது என்று தெரியாது. சோதித்துப் பார்க்கவும் தைரியம் இல்லை. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. விஷயம் வெளியே போனால் தங்கக்காது ஒரே நாளில் தகரக்காது ஆகிவிடும்.

அதற்காக வராமல் இருந்துவிடுவாரா? சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு, சனிக்கிழமை மதியமே வந்து இறங்கிவிட்டார்.

தொழிற்சாலைக்கு முதலாளி ஒரு பெண்மணி. ஸ்பீக்கரின் நடுவில் அதிர்கிற காகிதக் கூம்பை வார்ப்பதிலிருந்து மரப்பெட்டிக்கு மெருகேற்றுவது வரை எல்லாவற்றையும் தன் கையால் செய்து பார்த்தவர். எல்லோரும் அவரைப் பெட்டியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினார். ஒரு கூடத்தில் மரத்தூள், அடுத்ததில் பசை நெடி, அதற்கடுத்ததில் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றுகிற பெண்கள். டாக்டர் ஒவ்வொரு இடத்திலும் நின்று இரண்டு கேள்வி கேட்டார், மூன்று யோசனை சொன்னார். வழக்கம்போல யாரும் கேட்காத யோசனைகள்.

கடைசியாக சோதனை அறை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. மேசைமேல் ஒரு ஸ்பீக்கரை வைத்து அதற்குள் ஒரே ஒரு சத்தத்தைச் செலுத்தினார்கள். 'ம்' என்று அடியில் தொடங்கி, 'ஊ'வாகி, 'ஈ'யாகி, ஊசிபோல மெலிந்துகொண்டே மேலே ஏறுகிற சத்தம். டாக்டரின் மனைவி காதில் விரலை விட்டுக்கொண்டாள். நாலைந்து பேர் முகத்தைச் சுளித்தார்கள். டாக்டருக்கு 'ஈ' வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு கதவைச் சாத்தினது போல ஒன்றுமே இல்லை.

ஆனாலும் ஆள் லேசுப்பட்டவரா? மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தானும் சுளித்தார். எப்போது சுளிப்பை விடுவது என்றுதான் தெரியவில்லை. பெட்டியம்மா பேச ஆரம்பித்த பிறகே சத்தம் நின்றுவிட்டது என்று புரிந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பொழுது சாய்கிற நேரம், கார் நிறுத்துமிடத்தில் மனைவி சொன்னாள்: "என்னங்க இது, சில்வண்டு இந்தக் கத்து கத்துது!"

அவருக்கு ஒரு வண்டும் கேட்கவில்லை. "ஆமாமா, ஒரே தொல்லை" என்று காரைக் கிளப்பினார்.

மறுநாள்தான் விசேஷம். பெரிய கூடத்தில் நாற்காலி போட்டு, முன்னால் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். துணிக்குப் பின்னால் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகள். எது எது என்று தெரியாமல் கேட்டுவிட்டுக் கை தூக்க வேண்டும். அதிகம் கை விழுகிற பெட்டியைத்தான் பெட்டியம்மா அடுத்த வருடம் முழுக்கச் செய்வார். மற்றது பரணுக்குப் போய்விடும். நாலைந்து வருடமாக இதுதான் முறை. கடைசியில் டாக்டர் ஒரு 'சரி' சொல்ல வேண்டும் என்பதும் அந்த முறையில் அடக்கம்.

அன்று காலையிலேயே, கூட்டத்தில் வயர் மன்னன் என்று பெயரெடுத்தவர் ஒரு அமர்க்களம் பண்ணியிருந்தார். அவர் கட்டட கான்ட்ராக்டர். சத்தத்தின் உயிர் வயரில்தான் இருக்கிறது என்பது அவர் மதம். தடித்த பின்னல் உறை போட்ட, மலைப்பாம்பு கனத்துக்கு ஒரு ஜோடி வயர் கொண்டுவந்து, "ஒரு ஜோடிப் பெட்டிக்காவது இதை மாட்டித்தான் ஆகணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். வயரில் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறவர் பெட்டியம்மா. அதனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். வயர் மன்னன் துணிக்குப் பின்னால் போய், வேறு யாரையும் தொடவிடாமல், இரண்டாவது ஜோடிக்குத் தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்தார்.

வழக்கம்போல டாக்டர் கொண்டுவந்த இசைத்தட்டைத்தான் போட்டார்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிற்கிற ஒரு பெண் குரல், இடது பக்கம் கிட்டார், வலது பக்கம் பியானோ. அந்தப் பாட்டு அவருக்குத் தன் வீட்டு மாடிப்படி மாதிரி. இருட்டிலும் கால் தட்டாது. முதல் ஜோடி பாடியது. அவள் வந்து நடுவில் நின்றாள். இரண்டாவது அடிக்கு முன்னால் மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு கேட்டதும் டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காது இருக்கிறது, அப்பாடா!

இரண்டாவது ஜோடி பாடியது. நடுவில் யாரும் இல்லை.

குரல் சுவரில் இருந்தது, கூரையில் இருந்தது, அவர் பிடரிக்குப் பின்னால்கூட இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை. அடிச்சத்தம் எங்கேயோ வடிந்து போயிருந்தது. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குள் வயர் மன்னன், முறைப்படி காத்திருக்காமல், துள்ளி எழுந்தார்.

"அடேங்கப்பா! சுவரே காணாமப் போயிடுச்சு பாத்தீங்களா? ஹால் முழுக்க அவதான் நிக்கிறா!"

"ஆமா சார், என்ன ஒரு விரிவு!" என்றது ஒரு குரல். "உடம்பெல்லாம் சிலிர்க்குது" என்றது இன்னொன்று. கூடமே தலையாட்டியது.

டாக்டருக்கு உள்ளே ஏதோ இடிந்து விழுந்தது. இத்தனை பேருக்குக் கேட்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. மெஷின் மிச்சம் வைத்தது அவ்வளவுதான். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் இரண்டு விரலை நெற்றிப்பொட்டில் வைத்தார்.

"விரிவு..." என்றார். "விரிவு பிரமாதம்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு பெட்டியைப் பற்றிப் பொய் சொன்னார். கை தூக்கச் சொன்னபோது அவர் கையும் மற்ற கைகளோடு மேலே போயிற்று. முதல் ஜோடிக்கு விழுந்தது ஏழோ எட்டோ கைதான்.

பெட்டியம்மா எண்ணி முடித்தார். "முதல் ஜோடிக்குக் கூம்பு மட்டும் நான் பதினாறு தடவை மாத்தி வார்த்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. "பரவாயில்ல, முறைன்னா முறைதான். நாளைக்கு ரெண்டாவதுக்கு மரம் அறுத்துடறேன். டாக்டர், நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லிடுங்க."

சரி என்பது ரெண்டே எழுத்து. சொல்லிவிட்டால் சாப்பிடப் போகலாம். தங்கக்காதும் தங்கமாகவே இருக்கும். டாக்டர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அவருக்கு ஒன்று உறைத்தது. அதே பாட்டு, அதே நாற்காலி, அதே காது. கால் மணி நேரத்துக்கு முன்னால் அவள் நடுவில் நின்றாளே! ஒரு டீ குடிக்கிற நேரத்தில் காது செத்தா போகும்?

"கொஞ்சம் இருங்க" என்றார். "ரெண்டாவதை இன்னொரு தடவை போடுங்க. இடது பெட்டி மட்டும்."

போட்டார்கள். சுத்தமாக இருந்தது.

"இப்ப வலது மட்டும்."

அதுவும் சுத்தம்.

"இப்ப ரெண்டும்."

அவள் மறுபடியும் காணாமல் போனாள். டாக்டர் எழுந்து நின்றார். எழுந்தபோதே பழைய டாக்டர் ஆகியிருந்தார்.

"தனித்தனியா நல்லாப் பேசுது, சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. ஒரு பெட்டி காத்தைத் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. ஒரு பெட்டியில வயர் முனையை மாத்தி மாட்டியிருக்கு."

கூடத்தில் சலசலப்பு. வயர் மன்னனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யார் மாட்டினதை மாத்தி மாட்டினதுன்னு சொல்றீங்க? இப்பத்தானே பிரமாதம்னீங்க! டாக்டர் சார், வேணாம்னு பாத்தேன். நேத்து டெஸ்ட் ரூம்ல நான் உங்களுக்கு நேர் எதிரதான் நின்னேன். சத்தம் நின்னு எவ்வளவோ நேரம் கழிச்சும் நீங்க மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு நின்னீங்க. உங்களுக்குக் காது போயிடுச்சு சார். இவங்களுக்கு அதைச் சொல்லுங்க முதல்ல!"

ஊசி விழுந்தால் கேட்கும். டாக்டருக்குக் கேட்குமா என்பதுதான் கேள்வி. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணிக்குப் பின்னால் வயர் எப்படி மாட்டியிருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் காதும் போய், மானமும் போய்விடும்.

"ஆமா" என்றார் டாக்டர், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "மேல இருக்கிற சத்தம் எனக்குக் கேக்கறதில்ல. என் மெஷின் கத்தறது கேக்கல. நேத்து வெளியில சில்வண்டு கத்தினதாம், அதுவும் கேக்கல. அதனாலதான் பயந்துபோய், நீங்க எல்லாரும் சொன்னதையே நானும் சொன்னேன். அது பொய். மன்னிச்சுக்குங்க. ஆனா ஒண்ணு. சில்வண்டு கேக்காத இந்தக் காதுக்கு, பாடறவ நடுவுல இல்லைங்கறது நல்லாக் கேக்குது. துணியைத் தூக்குங்கம்மா."

பெட்டியம்மா துணியைத் தூக்கிப் பின்னால் போனார். குனிந்தார். பின்னல் உறை இரண்டு முனைக்கும் ஒரே கறுப்பு. எது எதுவென்று காட்டுகிற சிவப்பு நூல் உறையின் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. அவர் அதை வெளியே இழுத்துப் பார்த்தார். வலது பெட்டியில் இரண்டு முனையையும் கழற்றி இடம் மாற்றிச் செருகிவிட்டு வந்து, பாட்டை மறுபடி போட்டார்.

அவள் வந்து நடுவில் நின்றாள்.

"அட, இதோ நிக்கிறா!" என்று டாக்டரின் மனைவி வெறும் காற்றைக் காட்டிக் கத்தினாள். இத்தனை வருடத்தில் அவள் இந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்தது அதுதான் முதல்தடவை. கூடம் கொல்லென்று சிரித்தது. சிரித்த முகங்களில் பாதி அசடு வழிந்தது.

இரண்டு ஜோடியையும் முதலிலிருந்து கேட்டார்கள். சரியாக மாட்டிய பிறகு இரண்டாவது நல்ல பெட்டிதான்; ஆனால் முதலாவதில் அவள் இழுக்கிற மூச்சுகூடத் தனியாக வந்தது. இந்தத் தடவை கைகள் அந்தப் பக்கம் போயின. பெட்டியம்மா, "இப்ப?" என்று டாக்டரைப் பார்த்தார். "முதல் ஜோடி. சரி" என்றார் டாக்டர். பெட்டியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், மரத்தூள் விழுந்துவிட்டதாம்.

வயர் மன்னன் சாப்பாட்டு வரிசையில் டாக்டருக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எனக்குத் தெரிஞ்ச காது டாக்டர் ஒருத்தர் இருக்கார் சார். போலாமா?"

"போலாமே."

"எனக்கும் சேர்த்துத்தான் கேக்கறேன்" என்றார் வயர் மன்னன். "எனக்கு ரெண்டு காதும் முழுசா இருந்துமே கேக்கலையே!"

மாலையில் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. டாக்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் நின்றார்.

"உன்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார்.

"என்னத்தைச் சொல்றது? ஒரு வருஷமா நான் ஏன் தொண்டை கிழியப் பேசறேன்னு நினைச்சீங்க? எனக்கென்ன வேண்டுதலா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா உனக்கு?"

"காலிங்பெல் அடிக்கும், நீங்க பக்கத்துலயே உக்காந்திருப்பீங்க. நான் அடுப்பை அணைச்சுட்டு ஓடி வருவேன். தெரியாம இருக்குமா? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லிட்டீங்க, ஆனா எனக்குச் சொல்லாம ஊருக்கே சொன்னீங்க!"

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு வெட்கமும் நிம்மதியும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன.

"இப்பவும் கத்துதா?" என்று கேட்டார்.

"எது?"

"சில்வண்டு."

அவள் கண்ணை மூடினாள். அவரைப் போலவே இரண்டு விரலை நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டாள். கிண்டல் பண்ணுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். அவள் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வலது பக்கம் ரெண்டு. வேலிக்கிட்ட" என்றாள். "இடது பக்கம் ஒண்ணு, கொஞ்சம் பின்னாடி தள்ளி. அது விட்டு விட்டுக் கத்துது."

"நடுவுல?"

"நடுவுல நீங்கதான் நிக்கிறீங்க."

டாக்டர் தலையாட்டினார். "அப்ப வயரைச் சரியாத்தான் மாட்டியிருக்கு" என்று சொல்லி, அவளுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டார்.