கண்ணை மூடினால் ஜெபம்

ஹெப்சிபா டீச்சருக்குக் கோபம் வந்தால் பாளையங்கோட்டையில் அவள் குடியிருக்கும் தெருவே அடங்கிவிடும். கோபம் இறங்கியபின் அடுக்களையில் தனியே அழுவாள், அது யாருக்குத் தெரியும், பாவம்! பிளஸ் டூ படிக்கிற மகள் பிரிஸில்லா கொஞ்ச நாளாக அவளிடம் வாயே திறப்பதில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். பிள்ளை தன்னை விட்டு விலகிப் போகிறாளே என்று டீச்சருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிய டாக்டரம்மா ஒரு பயிற்சியும் சொன்னார். கண்ணை மூடி உட்கார வேண்டும், மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும், கோபம் வந்தால் விரட்டாமல் அதையும் கவனிக்க வேண்டும். சொல்வதற்கென்ன! எங்களைப் போல வேதக்காரக் கிறிஸ்தவர் வீட்டில் ஒருத்தி கண்ணை மூடினால் சும்மா விடுவார்களா?

சனிக்கிழமை சாயங்காலம் பாயை விரித்து உட்கார்ந்தாள். காய்கறிப் பையோடு வந்த கணவர் சத்தியநேசன், அவள் ஜெபிக்கிறாள் என்று நினைத்து, பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் முழங்கால் போட்டார். முகத்துக்கு நேரே சொல்லப் பயப்படுவதை எங்கள் ஆட்கள் ஜெபத்தில்தான் சொல்வார்கள். அங்கே யாரும் குறுக்கே பேச முடியாதல்லவா?

"ஆண்டவரே, பிள்ளை கெமிஸ்ட்ரியில பெயிலாயிட்டா. அவ அம்மைட்ட சொல்ல முடியாம தவிக்கா. ராத்திரி தூங்க மாட்டேங்கா. எனக்கும் சொல்லப் பயமாத்தான் இருக்கு ஆண்டவரே."

டீச்சருக்கு ஜிவ்வென்று தலைக்கு ஏறியது. அப்பனும் மகளுமாகச் சேர்ந்து மறைத்தார்களா? கத்த வாயெடுத்துவிட்டாள். ஆனால் ஜெபத்தின் நடுவே எப்படிக் கத்துவது? வேறு வழியில்லாமல் மூச்சைக் கவனித்தாள். கோபத்தையும் கவனித்தாள். அது மெல்ல இறங்க இறங்க, அடியில் வேறொன்று கிடந்தது. என் பிள்ளை எனக்குப் பயந்தா தூங்காமல் கிடந்தாள்? அவர் ஆமென் சொல்லும்போது அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது.

எழுந்து மகளின் அறைக்குப் போனாள். கதவு திறந்ததும் பிரிஸில்லா சுவரோடு ஒட்டி நின்றாள். அம்மா வாயைத் திறக்கும் முன்பே பிள்ளையின் கை கன்னத்தை மறைத்துக்கொண்டது. டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிக்க மாட்டேன் மக்ளே. அப்பா ஜெபத்துல சொன்னதைக் கேட்டேன். நீ பைய சொல்லு, நான் பேசாம இருக்கேன்."

பிரிஸில்லா கன்னத்திலிருந்து கையை எடுக்க வெகுநேரமாயிற்று. அதுவரைக்கும் டீச்சர் பேசவில்லை.