ஜன்னல் திறக்கும் சத்தம்

விடியுமுன்பே எங்கள் நால்வரின் காதிலும் ஹெட்போன் ஏறிவிடும். ஏழு மணிக்குள் தொண்டை வறண்டு, காதுமடல் கன்றிப்போகும். காவல் நிலையத்தின் பின்னறையில் ஒப்பந்த வேலை. ஊரில் தனியாக வசிக்கும் இருநூற்றெண்பது பேரையும் தினமும் அழைத்து, நலமா என்று கேட்டு, பட்டியலில் டிக் போட வேண்டும்.

வாயால் சொல்வதை நம்ப மாட்டோம். "எழுந்துபோய் ஜன்னலைத் திறங்க" என்போம். கொக்கி விலகும் சத்தம் கேட்ட பிறகுதான் டிக்.

நிதியை வெட்டிவிட்டார்கள். நால்வரில் இருவர்தான் இனி. சேவை மட்டும் குறையக் கூடாதாம். அதிகாரி ஆளுக்கொன்றாக இருந்த பட்டியல்களை ஒன்றாக்கி, சுவரில் ஒரு பலகை மாட்டினார். அதிக அழைப்பு முடிக்கும் இருவருக்கே வேலை.

எனக்கு மற்ற இருவரைப் பற்றிக் கவலையில்லை. குயிலைத்தான் கண்டால் ஆகாது. அவள் குரலுக்காக நாங்கள் வைத்த பெயர் அது. நான் அழைத்தாலும், "அந்தப் பொண்ணு இல்லியா?" என்று கேட்பார்கள். வயிறு எரியும். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் வருமானம் என்பது உண்மை. ஆனால் வேலையைவிட அவளை முந்துவதே எனக்குப் பெரிதாகிப்போனது.

ஜன்னலைத் திறக்கச் சொல்வதை விட்டேன். "நல்லா இருக்கேன்" என்ற சொல் வந்ததும் டிக். ஒரே வாரத்தில் பலகையில் என் பெயர் முதலில் நின்றது. குயில் கடைசி. அன்று நிம்மதியாகத் தூங்கினேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் என்னிடம் நல்லா இருக்கேன் என்றார். இடுப்பெலும்பு முறிந்து தரையில் கிடந்தபடி, கையெட்டிய போனில் சொன்ன வீறாப்பு அது. முன்பு அவர் குயிலின் பட்டியலில் இருந்தவர். மனசு கேட்காமல் மதியம் அவரை அழைத்தவள், ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்காததால் ரோந்து வண்டியை அனுப்பினாள். உயிர் பிழைத்தார்.

அதிகாரி எங்களை வரிசையாக நிறுத்தினார். டிக் போட்டது யார் என்றார். பக்கத்து இருக்கையிலிருந்த குயிலுக்குத் தெரியும். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இந்தப் பலகைதான் சார் போட்டுச்சு" என்றாள்.

காட்டிக்கொடுத்திருந்தால் அவளை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது. நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். தானும் சம்பளக்காரன்தான், வெட்டியது மேலிடம் என்றார். என்னை எச்சரிக்கையோடு விடுவதாகவும், வெளியே போகும் இரண்டு பெயர்களை நாங்களே எழுதித் தரலாம் என்றும் சொன்னார்.

குயில் ஒரு தாளை மேசையில் வைத்தாள். பலகையைக் கழற்ற வேண்டும், நால்வரும் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும், ஒருத்தியை நீக்கினாலும் நால்வரும் வேலையை விட்டுப் போய்விடுவோம் என்று எழுதியிருந்தாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் மற்ற இருவரும் கையெழுத்திட்டார்கள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "பலகையில உன் பேருதான் முதல்ல இருக்கே. நீ எதுக்கு இவங்களோட நிக்கற?"

"நான் முதல்ல வந்த லட்சணம்தான் ஆஸ்பத்திரியில படுத்திருக்கு சார்."

மேலிடம் என்ன சொல்லுமோ, யாருக்கும் தெரியாது. பேனாவை வாங்கினேன். குயிலின் கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தது. அதிலும் எனக்குப் பொறாமைதான். அதற்கு நேர் கீழே என் பெயரை எழுதினேன்.