எக்கோ டின் போகும் பஸ்

மகள் கழுத்தில் தாலி ஏறப்போகும் நேரத்தில் ருக்குமணி பட்டுச் சேலையோடு செம்மேடு பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் நேற்றைய சாவு மேளம் இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அடிக்க ஆரம்பிக்கும். பேட்டரியைப் பிடுங்கியாயிற்று, ஒயரை அறுத்தாயிற்று, ஈரச் சாக்கில் சுற்றியும் பார்த்தாயிற்று. பந்தலில் அது ஒலித்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். அப்பன் ஓடிப்போன பெண் என்று ஏற்கெனவே இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டவர்கள். மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் சின்னுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம் ஊட்டுல, நீங்க வண்டியிலயாக்கா? பலகாரத்தத் தூக்கிட்டு ஓடறீங்களாட்டம் இருக்குது." "வண்டிய எடுக்கச் சொல்லுங்க, சாமி" என்றாள். விசில் ஊதினார்.

ருக்குமணி மைக்செட் ரிப்பேர் செய்கிறவள். காரவள்ளி பேண்டு செட்டுக்காரர் ராசப்பன் தன் கிளாரினெட்டுக்கு எக்கோ கேட்டிருந்தார். ஊதுவது ஒன்று, கேட்பது நாலாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. ஒரு முனையில் நுழைகிற சத்தம் ஸ்பிரிங்கில் நடுங்கி, மறுமுனையில் கொஞ்சம் பிந்தி வெளியே வரும். வேலை அவ்வளவுதான். பழைய ஆம்ப்ளிஃபயரின் உள்பலகை, செத்த ரேடியோவின் ஸ்பீக்கர், மிளகு மண்டியில் கழித்துப்போட்ட தராசின் ஸ்பிரிங் எல்லாம் டின்னுக்குள் அடங்கின. தராசை ஏன் கழித்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. மூட்டையை இறக்கினாலும் அதன் முள் மறுநாள்தான் பழைய இடத்துக்குத் திரும்பும் என்று மண்டிக்காரர் பிற்பாடு சொன்னார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தலுக்கு வாழைமரம் வாங்க மலையிறங்கியவள் டின்னையும் எடுத்துப்போனாள். ராசப்பன் ஒரு சாவில் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கேயே மைக் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எக்கோ வரவே இல்லை. திரும்பி வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். யார் சாவு என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு "யாரோ ஒருத்தருங்க" என்றுவிட்டு அரிசி ஊறவைக்கப் போனாள். கல்யாணத்தன்று காலை டின் தானாகப் பேசியது. முந்தின நாள் காலையில் கூவிய சேவல், பால்காரர் ஹாரன், மகளை அவள் வைத வசவு, எல்லாம் அதே வரிசையில் வந்தன. இப்படியே போனால் முகூர்த்தத்துக்கு என்ன வரும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கத் தொடங்கியதும் மேளம் அடித்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து, பாடைக்குப் பின்னால் போகிற நடைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். செருப்பைக் கழற்றியவர்களும் உண்டு. பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்கவில்லை. மேளத்தின் முடிவில் ஒரு பெண் கதறுவது கேட்டது. கூலிக்கு ஒப்பாரி வைக்க வந்தவளாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ருக்குமணி டின்னை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அவள் வீடு திரும்பியபோது தாலி கட்டி முடிந்திருந்தது. மகள் தேன்மொழி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

டின் தன் சத்தத்தையும் தானே கேட்டுக்கொண்டதால் அடுத்த நாளும் அதே சாவு வந்தது, அதற்கடுத்த நாளும். ஒருமுறை வளைவிலிருந்து பள்ளத்தில் எறிந்தாள். மறுநாள் பள்ளம் முழுக்க அழுதது. குரல் யாருடையது என்று ஊர் கண்டுபிடிப்பதற்குள் இறங்கிப்போய்ப் பொறுக்கிவந்தாள். அதிலிருந்து தினமும் அந்த பஸ். சின்னுசாமி கேட்காமலே லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். வெளியூர்க்காரர்கள் திகைத்தால், "சாவு போவுதுங்க, எந்திரிங்க" என்பார். சொந்தச் சாவுக்குப் போகமுடியாதவர்கள் இந்த பஸ்ஸைத் தேடி ஏறி, நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப்போனார்கள். ராசப்பன் சேலத்தில் வேறு பெட்டி வாங்கிக்கொண்டார். ருக்குமணிக்குத் தலை நரைத்தது. மலையும் பஸ்ஸும் ஏறி இறங்கி மூட்டு தேய்ந்தது. ஒரு நாளாவது மதியம்வரை படுத்துத் தூங்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

தேன்மொழி பொங்கலுக்கு வருவாள், போவாள். "எங்கழுத்துல தாலி ஏறறப்ப எங்கம்மாளுக்கு டின்னுதான் முக்கியமாப் போச்சு" என்பாள், ருக்குமணி காதுபடவே. எந்தத் திருவிழாவிலும் பேண்டு செட் வந்தால் கிளாரினெட்காரர்களின் முகத்தைத் தேடுவாள். சின்ன வயதில் அவளை விட்டுப்போன அப்பன் அர்த்தனாரி கிளாரினெட் ஊதுகிறவன்.

போன தை மாசம் ருக்குமணியால் பஸ் படி ஏறமுடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே தேன்மொழி தூக்கி ஏற்றி, கூடவே உட்கார்ந்தாள். வளைவு வந்தது, மேளம் வந்தது, எல்லாரும் எழுந்தார்கள். முடிவில் அந்தக் கதறல். தேன்மொழி டின்னையே பார்த்தாள்.

"அழுவறது நீதானேம்மா."

"ஆமா."

"யாரு செத்தது?"

ருக்குமணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "உங்கப்பன், கண்ணு. டின்னை வச்சுட்டு நிமுந்து பாக்கறேன், பாடையில உங்கப்பன். வெளிய சொன்னா தீட்டு, உங்கல்யாணம் நின்னுருக்கும். பொறவு சொன்னா தீட்டுல கட்டுன தாலிம்பாங்க."

கதறல் ஓயும்வரை தேன்மொழி எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்து, டின்னை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் கொண்டுக்கிட்டு வாரேன். நீ ஊட்டுல படு."

சின்னுசாமி லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார்.