பிரகாஷ் உள்ளே வந்த ஞாயிறு

பிரகாஷ் கையில் துப்பாக்கியோடு உள்ளே வந்தபோது ஆதிலட்சுமி அக்கா சிரித்துவிட்டார்.

"பாருங்க மாஸ்டர், கிளாஸுக்குத் துப்பாக்கியே கொண்டாந்துட்டாரு அபிநயா வீட்டுக்காரரு!"

வேங்கிக்காலில் அது ஒரு சின்னக் கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் அதன் சாப்பாட்டுக் கூடத்து மேசைகளை ஓரங்கட்டிவிட்டு, அதீபா பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுத்துவந்தாள். காலேஜ் நாட்களில் கராத்தேயில் மெடல் வாங்கியவள். ஆபீஸ் போகிறவர்கள், நர்ஸுகள், டீச்சர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள்.

அபிநயா ஒரு பள்ளியில் டீச்சர். வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் இருக்கும், அதிகம் பேசமாட்டாள். பிரகாஷ் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருப்பான். ஒருநாள் எல்லாருக்கும் டீகூட வாங்கி வந்தான். "எங்க வீட்டுக்காரரு இறக்கிவிட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. நீ குடுத்துவெச்சவ" என்று ஆதிலட்சுமி சொல்லும்போதெல்லாம் அபிநயா தலையைக் குனிந்துகொள்வாள். வெட்கம் என்றுதான் அதீபா நினைத்திருந்தாள்.

அவன் துப்பாக்கியோடு வந்ததற்கு முந்தின வாரம்தான் அதீபா பிளாஸ்டிக் துப்பாக்கியை வைத்து ஒரு பாடம் நடத்தியிருந்தாள். "பையைக் கேட்டா குடுத்துடுங்க. செயினைக் கேட்டா கழட்டிக் குடுத்துடுங்க. ஓட வழி இருந்தா ஓடிடுங்க. சுடத்தான் வந்திருக்கான், ஓடவும் முடியாது, கைக்கு எட்டுற தூரத்துல நிக்கிறான்னா மட்டும்தான் இந்தப் பிடி." ஆளுக்கு இரண்டு தடவை செய்து பார்த்து, சிரித்து, கைதட்டிக் கலைந்திருந்தார்கள்.

அதனால் அதீபாவும் புன்னகையோடுதான் அவன் பக்கத்தில் போனாள். "என்ன சார், எந்தக் கடையில வாங்கினீங்க?"

அவன் அவளைப் பார்க்கவேயில்லை. கை கழுவும் தொட்டியோரம் நின்ற அபிநயாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அபிநயாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது பொம்மைத் துப்பாக்கி இல்லை என்று அதீபாவுக்குத் தெரிந்தது.

"அம்மா வீட்டுக்கே போறேன்னு நேத்து சொன்னியே. இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லு."

"வேணாங்க..."

வெடித்தது. தொட்டிக்கு மேலிருந்த டைல்ஸ் சிதறி விழுந்தது. இரண்டு காதிலும் ஒரே சமயத்தில் அறைந்தது போலிருந்தது. யாரும் அலறவில்லை. சமையல்கட்டுப் பக்கக் கதவு விரியத் திறந்திருந்தும் யாரும் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தார்கள்.

குறி தப்பிய ஆத்திரத்தில் பிரகாஷ் மறுபடி கையை உயர்த்தினான். அதீபா எதையும் யோசித்து முடிவெடுக்கவில்லை. அவள் கைகள்தான் போயின. ஒன்று அவன் மணிக்கட்டில், ஒன்று துப்பாக்கியின்மேல். உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு ஆள் இல்லாத பக்கம் திருப்பித் தரையை நோக்கி அழுத்தினாள். இன்னொரு வெடி. உள்ளங்கை சுட்டது. விடாமல் முறுக்கினாள். அவன் விரல் விசை வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு மளுக்கென்றது. முழங்காலால் ஓர் இடி. துப்பாக்கி அவள் கையில் இருந்தது.

"ஐயோ, வெரலு! வெரலு!" என்று அவன் குழந்தை மாதிரி அழுதான்.

அதற்குமேல் என்ன செய்வதென்று அதீபாவுக்குத் தெரியவில்லை. பாடம் அதோடு முடிந்துவிடும், கைதட்டுவார்கள். பின்பக்கமாகவே நகர்ந்து போய்ச் சுவரோரமாகத் துப்பாக்கியைத் தரையில் வைத்தாள். ஆதிலட்சுமி தவழ்ந்து வந்து, சாம்பார் அண்டா ஒன்றை இழுத்து அதன்மேல் கவிழ்த்து, அண்டாவின்மேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வந்து சொல்லும்வரை இறங்கவில்லை. மண்டபத்து ஆட்கள் ஓடி வந்து பிரகாஷை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அபிநயாவின் உதடுகள் அசைவது தெரிந்தது. காது அடைத்திருந்ததால் அதீபா கிட்டே போய்க் குனிந்தாள்.

"காலையில நல்லாத்தான் இருந்தாரு மாஸ்டர். எனக்கு அவருதான் தோசை ஊத்திக் குடுத்தாரு." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு, "நான் எங்கயும் போயிடக் கூடாதுன்னுதான் வெளிய உக்காந்திருப்பாரு. ஸ்கூல்ல கட்டாயம்னு பொய் சொல்லித்தான் இங்க வந்தேன். உங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன்."

அவன் வாங்கித் தந்த டீயை அதீபா குடித்திருக்கிறாள். 'நல்ல மனுஷன்' என்று கணவன் சைஃபுல்லாவிடம் சொல்லியுமிருக்கிறாள்.

ஊரே பாராட்டியது. யார் யாரோ வீட்டுக்கு வந்து சால்வை போட்டார்கள். அதீபாவுக்குக் கண்ணை மூடினால் அவன் விரல் முறிந்த அந்த மளுக்குச் சத்தம். "நீ புடிக்கலைன்னா அந்தப் பொண்ணு செத்திருக்கும்" என்று சைஃபுல்லா சொன்னபோது தலையாட்டினாள். ஆனாலும் அன்றிரவும் விளக்கை அணைக்க விடவில்லை.

பிரகாஷ் ஜெயிலில் இருக்கிறான். அபிநயா அடி அண்ணாமலையில் அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். ஒரு மாதம் கழித்து வகுப்பு மறுபடி தொடங்கியபோது எல்லாரும் வந்திருந்தார்கள். புது ஆட்களும் இருந்தார்கள்.

"அந்தப் பிடியைச் சொல்லிக் குடுங்க மாஸ்டர்" என்றாள் புதிதாக வந்த நந்தினி.

"இன்னைக்குப் பிடி கிடையாது" என்றாள் அதீபா. "அன்னைக்கு அந்தக் கதவு தொறந்துதான் இருந்துச்சு. ஒருத்தர்கூட ஓடலை. ஏன், நானே ஓடுங்கன்னு கத்தலை. ஓடுறதத்தான் பழகப் போறோம். நான் கைதட்டினதும் எல்லாரும் ரோட்டுக்குப் போயிடணும்."

தட்டினாள். அந்தச் சத்தத்துக்கு அவளே திடுக்கிட்டாள். பாதிப் பேர் நின்ற இடத்திலேயே உறைந்து நின்றார்கள். ஆதிலட்சுமி செருப்பைத் தேடினார்.

"செருப்பு வேணாங்க்கா! ஓடுங்க!"

மறுபடி தட்டினாள். இந்தத் தடவை அபிநயா ஓடினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஓடினார்கள்.