பழக்கடைக்காரர் வீட்டுப் பத்தியம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாம்சனுக்குப் பழக்கடை. ஊரே அவன் கடையில் ஆரஞ்சு வாங்கித் தின்றது. அவன் பெண்டாட்டி சுகிர்தா மட்டும் மகள் அனுவை வயிற்றில் சுமந்த காலத்தில் ஒரு சுளைகூட வாயில் வைக்கவில்லை. வீம்பு என்று நினைத்துவிடாதீர்கள், பயம். சின்ன வயதில் அவளுக்கு இளைப்பு. படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தவள். அந்தப் பாடு தன் பிள்ளைக்கு வரக்கூடாது என்று பழம், கீரை, தயிர் எல்லாவற்றையும் குளிர்ச்சி என்று ஒதுக்கினாள். மீன் ஆகாது என்று அதையும் விட்டாள். சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம், ரஸ்க். பிள்ளை பிறக்கும்வரை அவ்வளவுதான். சாம்சன் கெஞ்சியும் பார்த்தான், திட்டியும் பார்த்தான். அவள் மசியவில்லை.

அப்படிப் பொத்திப் பொத்திப் பெற்ற அனுவுக்குத்தான் நாலு வயதில் இளைப்பு வந்து நிற்கிறது.

இன்று காலை பள்ளிக்கூடத்திலிருந்து மிஸ் போன் செய்தார். போய்ப் பார்த்தால், பிள்ளைக்கு விலா உள்ளே இழுத்து இழுத்து வாங்குகிறது. உதட்டோரம் நீலம். அள்ளிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடிய சுகிர்தாவுக்கு, தான் மறுபடி மாசமாயிருப்பதே மறந்துபோனது.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அனுவின் மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் டாக்டர் நஸ்ரின் பானு சுகிர்தாவின் வயிற்றைப் பார்த்தார்.

“நீங்க என்ன சாப்பிடுதீங்க?”

அவள் சொன்னாள்.

“அனு வயித்துல இருக்கும்போதும் இப்படித்தானா?”

“ஆமா டாக்டர். பிள்ளைக்குச் சளி பிடிச்சிரக் கூடாதேன்னு...” அனுவின் முகத்து மாஸ்க்கைப் பார்த்தாள். “அப்ப நாந்தான் எம் பிள்ளைக்கு...”

“அப்படிச் சொல்லாதீங்க. ஒங்களுக்கே இளைப்பு இருந்திருக்கு. இதனாலதான் வந்துச்சுன்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பழம், கீரை, மீன்னு கலந்து சாப்பிட்டவங்க பிள்ளைகளுக்கு இளைப்பு கொறைவுன்னு சில ஆராய்ச்சியில சொல்லுதாங்க. இந்தப் பிள்ளைக்காவது எதையும் ஒதுக்காதீங்க.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாம்சன் ஆரஞ்சை உரித்து அவள் முன்னால் வைத்தான்.

“தின்னுட்டி. டாக்டரே சொல்லிட்டாங்கல்லா?”

சுகிர்தா ஒரு சுளையை எடுத்தாள். கை வாய்க்குப் போகவில்லை. இத்தனை வருஷம் விஷமாக நினைத்ததை ஒரு நாளில் எப்படி விழுங்குவது? தின்றாலும் பயம், தின்னாவிட்டாலும் பயம். வயிற்றில் கிடப்பது வாய்விட்டுச் சொல்லவா போகிறது?

கட்டிலில் சாய்ந்திருந்த அனு இறங்கி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்மா. பாப்பாவுக்கு மூச்சு முட்டும்.”

இதைப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சாம்சன் கேட்கவில்லை. சுகிர்தாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“முட்டாது மக்கா,” என்றாள். சொன்னவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. இருந்தும் அனு பார்க்கவே சுளையை வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

அனு அழவில்லை. அம்மாவின் வயிற்றில் காதை வைத்து, பாப்பாவுக்கு மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.